இரண்டாவது பட்டன்

பெஞ்சின் இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் அவர். நடுவில் ஒரு மஞ்சள் துணிப்பை. இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், ஆனால் டி.எஸ்.பி. ஆபீஸ் வராந்தாவில் யார் தானாக வந்து உட்காரப் போகிறார்கள். பேசிக்கொள்ளக் கூடாது என்று வாசலில் நிற்கும் பெண் போலீஸ் நான் வந்ததுமே சொல்லிவிட்டார். "சாட்சி நீங்கதான? சார்ஜ் மெமோ வாங்குனது அவரு. உள்ள கூப்புடுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசக் கூடாது, சொல்லிட்டேன்." சரிம்மா என்றேன். பேசச் சொல்லியிருந்தாலும் என்ன பேசுவது என்று எனக்குத் தெரிந்திருக்காது. பூமிராஜ். அவர் பெயர் பூமிராஜ் என்பதே விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்த பிறகுதான் தெரியும். அதுவரைக்கும் அவர் எனக்கு வெறும் ஸ்டாஃப். என் பஸ்ஸில் ஏறி, முன் படிக்கட்டை ஒட்டின சீட்டில் உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு "ஸ்டாஃப்" என்று சொன்ன ஆள். அன்றைக்குக் கட்டம் போட்ட சட்டை. இன்றைக்குக் காக்கி, முழங்காலில் தொப்பி. இரண்டும் ஒரே ஆள்தானா என்று காதைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன், காதுக்கு மேலே அந்த ஒட்ட வெட்டின முடி. இந்த ஆள் என் உயிரைக் காப்பாற்றினார். அதற்காகத்தான் இன்றைக்கு இவர்மேல் விசாரணை. கதவு திறந்து உள்ளே கூப்பிட்டதும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள், அதற்கு நான் "இல்லை" என்று உண்மையைச் சொன்னால் இவருக்கு வேலை போய்விடும். என் மனைவி சௌந்தரம் காலையில் தோசை ஊற்றும்போதே கேட்டுவிட்டாள், என்ன சொல்லப் போறீங்க என்று. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம், அதைச் சொல்லித்தானே ஊரெல்லாம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். டிப்போவில் எனக்கு வீரபுத்திரன் என்ற பெயரே மறந்துபோய் "வரி" என்றுதான் கூப்பிடுவார்கள். வரியைப் போல யாரையும் விடமாட்டேனாம். மாமனார் என் வண்டியில் ஏறினார், டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன், அவர் அப்புறம் சாகும்வரை தனியார் பஸ்ஸில்தான் போனார். சௌந்தரம் ஏறினாலும் டிக்கெட்தான், ஆட்டுக்குட்டிக்கு லக்கேஜ்தான். இப்படிப்பட்டவனிடம் வந்து ஸ்டாஃப் என்றால்? இந்த ஸ்டாஃப்களில் எத்தனை வகை. சிலர் பி.சி. என்பார்கள். சிலர் வாயே திறக்காமல் புருவத்தைத் தூக்குவார்கள், அந்தப் புருவத்தில் மூன்று ஸ்டேஷன் தெரியும். சிலர் தூங்குவதுபோல் நடிப்பார்கள், கண்டக்டர் தாண்டிப் போனதும் கண் தானாகத் திறக்கும். கேட்டால் கார்டை எடுப்பார்கள், கட்டை விரலால் பெயரை மறைத்துக்கொண்டு காட்டுவார்கள், கார்டு காட்டின மாதிரியும் ஆயிற்று, யார் என்று தெரியாத மாதிரியும் ஆயிற்று. மற்ற கண்டக்டர்கள் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள், நாளைக்கு வண்டி எங்கேயாவது இடித்துக்கொண்டு நின்றால் அந்தப் புருவம்தானே வந்து நிற்கும். நான் விடமாட்டேன். வாரண்ட் இருக்கா என்பேன். அரசாங்க வேலையாகப் போனால் வாரண்ட் உண்டு, வாரண்ட் இருந்தால் டிக்கெட் வேண்டாம், வீட்டு விசேஷத்துக்குப் போனால் எல்லாரையும் போல டிக்கெட். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது. அன்றைக்கும் அதைத்தான் கேட்டேன். "வாரண்ட் இருக்கா தம்பி?" "ஸ்டாஃப்ணே." "அது கேட்டுச்சு. வாரண்ட் இருக்கா?" கார்டு வந்தது, கட்டை விரலும் வந்தது. "லீவுல போற ஆளுக்குக் கார்டு எதுக்குய்யா? வேலைக்குத்தான கார்டு, ஓசிக்கா?" என்று நான் குரலை உயர்த்த, "ஓசின்னு சொல்லாதீங்கண்ணே, மரியாதையாப் பேசுங்க" என்று அவர் எழுந்து நிற்க, வண்டியில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, முன் படியில் நானும் அவரும் மூக்குக்கு மூக்கு. டிரைவர் தவசி மட்டும் திரும்பவில்லை. தவசி எதற்கும் திரும்பமாட்டான். விசாரணையிலும் அப்படித்தான் எழுதிக்கொடுத்திருக்கிறான், நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், பின்னால் நடந்தது எதுவும் தெரியாது. டிரைவர்கள் எல்லாரும் எழுதுவது அதுதான்.

அப்போதுதான் அது வந்தது. வலி என்றுகூடச் சொல்லமாட்டேன், யாரோ உள்ளேயிருந்து பை வாரை இழுத்து முடிச்சுப் போட்ட மாதிரி. கண்ணில் படிக்கட்டு மட்டும் தெரிந்தது, அதற்குக் கீழே ஓடுகிற தார். கதவு இல்லாத பழைய வண்டி. நான் அந்தத் தாரைப் பார்த்துத்தான் சாய்ந்தேன். பூமிராஜ் என் தோளில் தொங்கிய தோல்பையின் வாரைப் பிடித்து இழுத்தார். சட்டையைப் பிடித்திருந்தால் கிழிந்திருக்கும், கையைப் பிடித்திருந்தால் வழுக்கியிருக்கும், வாரைப் பிடித்ததால்தான் வண்டிக்குள் விழுந்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். அவர் ஒழுங்காக டிக்கெட் எடுத்திருந்தால்? எடுத்திருந்தால் சண்டை இல்லை. சண்டை இல்லை என்றால் அவர் பாட்டுக்கு ஜன்னலில் சாய்ந்து தூங்கியிருப்பார், நான் பாட்டுக்குத் தனியாக அந்தப் படியில் நின்றிருப்பேன், தனியாகவே விழுந்திருப்பேன். ஆகவே அவர் டிக்கெட் எடுக்காததால் நான் பிழைத்தேன். ஆனால் சண்டை போட்டதால்தானே நெஞ்சு வலித்தது? அப்படித்தான் சௌந்தரம் முதலில் சொன்னாள், "அந்தாளு டிக்கெட் எடுத்திருந்தா ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்று. டாக்டரிடமே கேட்டேன். அடைப்பு பல வருஷமாக இருக்கிறது, அன்றைக்கு இல்லாவிட்டால் மறுநாள் பல் விளக்கும்போது வந்திருக்கும் என்றார். பல் விளக்கும்போது வந்திருந்தால் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள். வாளி இருந்திருக்கும். அப்படியானால் மறுபடியும் அந்த டிக்கெட்டுக்கே வந்து நிற்கிறது. வாழ்நாள் முழுக்க டிக்கெட் எடுக்காதவர்களைத் திட்டினவன், டிக்கெட் எடுக்காத ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியதாகிவிட்டது. சாமிக்கு என்மேல் என்ன கோபமோ, இல்லை என்ன பிரியமோ.

வண்டியை நிறுத்தச் சொல்லி அவர் போட்ட சத்தத்துக்குத் தவசியே திரும்பினான். பஸ்ஸிலேயே கொண்டுபோகலாம் என்று யாரோ சொன்னார்கள், அதற்குள் எதிரே ஒரு வெள்ளைக் கார். முன்னால் மல்லிகைச் சரம் கட்டின கல்யாணக் கார். பூமிராஜ் நடு ரோட்டில் போய் நின்று கையில் கார்டைத் தூக்கிப் பிடித்தார், இப்போது கட்டை விரல் பெயரை மறைக்கவில்லை. "போலீஸ். எறங்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்." உள்ளே மாப்பிள்ளையின் பெரியப்பா, சீர்த்தட்டுகளோடு. இது சீர் போற வண்டி சார், பொணமாகிறவன ஏத்தக் கூடாது சார் என்று அவர் கத்தினது எனக்கு நன்றாகக் கேட்டது. பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கேட்காமலே என்னைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார்கள். தலைக்கு அடியில் பழத்தட்டு. ஆப்பிள் வாசனை, மல்லிகை வாசனை, சந்தனம், ரோஜா, எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏற, சரிதான், மாலை போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். சௌந்தரம் அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். அழவில்லை. பெரியப்பாதான் அழுதுகொண்டிருந்தார், தட்டு நசுங்குது தட்டு நசுங்குது என்று. கொஞ்ச தூரத்திலேயே கார் நின்றுவிட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. பூமிராஜ் இறங்கி ஓடினார், கார்டைக் காட்டினார். கேட்கீப்பர் நல்ல மனுஷன், நிதானமாகச் சொன்னார்: "என்கிட்டக் காட்டி என்ன சார் செய்ய? வர்ற ரயில்கிட்டக் காட்டுங்க, அது நின்னா நான் தெறக்கிறேன்." அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சொல்ல நினைத்த பதில், வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன நடந்தது என்றால், அவர் திரும்பி வந்தார், என்னை இழுத்துத் தோளில் போட்டார், குனிந்து கேட்டுக்கு அடியில் நுழைந்தார். மூடின கேட்டுக்கு அடியில் போவது குற்றம். அங்கேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தது, தலைகீழாக எனக்குத் தெரிந்தது. தண்டவாளம் தெரிந்தது, ஜல்லி தெரிந்தது, அவருடைய காலில் இருந்த பழுப்பு ஷூ தெரிந்தது. அவர் சட்டைப் பையில் ஏதோ சின்னப் பெட்டி, என் விலாவில் குத்திக்கொண்டே வந்தது. எங்கேயோ ரயில் ஊதியது. பயம் என்றால் அதுதான் பயம், வாயைத் திறந்து கத்தக்கூட முடியாத பயம். ஆனால் அந்தப் பெட்டி குத்தின வலி இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் நினைவு தப்பாமல் இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பால் வண்டி, மறுபடியும் கார்டு.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். அன்றைக்கு எங்கேயோ வேன் கவிழ்ந்து ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள், நர்சுகள் ரத்தமும் பஞ்சுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் வரவில்லை, கை கால் முழுசாக இருந்தது, அதனால் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. சீட்டுப் போட்டு வாங்க, இங்க படுக்க வைங்க என்றார்கள். பூமிராஜ் கார்டை நீட்டி போலீஸ் என்றார். போலீஸ்னா என்ன சார், அடிபட்டதுல ஏட்டய்யாவே ஒருத்தர் உள்ள இருக்காரு என்றார்கள். அப்போது அவர் ஒரு நொடி நின்றார். அந்த நொடி எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவர் மூச்சு என் காதில் இரைத்தது. பிறகு அந்தக் கட்டடமே அதிரும்படி கத்தினார்: "அக்யூஸ்டும்மா! கஸ்டடியில இருக்கான். என் கைல செத்தான்னா நான் மட்டும் போகமாட்டேன், இங்க டூட்டியில இருக்கிற அத்தன பேரும் கோர்ட்டுக்கு வரணும்!" எங்கிருந்துதான் அந்த ஸ்ட்ரெச்சர் வந்ததோ. டாக்டர் வந்தார், ஊசி வந்தது, வயர் வந்தது. நல்லவனாக இருந்தால் வரிசையில் நின்று செத்திருப்பேன், கைதியாக ஆனதும் ஓடி வந்து காப்பாற்றினார்கள். இதைப் போலீஸ்காரர் ஒருத்தரால்தான் யோசிக்க முடியும். காவலில் ஆள் செத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத்தானே தெரியும், அந்தப் பயத்திலேயே வேலை பார்க்கிறவர்கள்தானே. தன் பயத்தை எடுத்து எனக்கு மருந்தாகக் கொடுத்துவிட்டார்.

கண் விழித்தபோது நான் திருடன். கையில் தோல்பை, பை நிறையச் சில்லறை, பக்கத்தில் போலீஸ், வேறு என்ன வேண்டும். கலெக்ஷன் பணத்தை அடித்த கண்டக்டர் என்று வார்டு முழுக்கப் பேச்சு. பக்கத்துக் கட்டில்காரர் தன் தண்ணீர்ச் செம்பை என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தார். மாமனாருக்கே டிக்கெட் கிழித்தவனுக்கு இந்தப் பெயர். சௌந்தரம் தலைவிரி கோலமாக ஓடி வந்து என் பெயரைக் கேட்டதற்கு, "யாரு, அந்தக் களவாணியா? கடைசிக் கட்டில்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அங்கேயே நின்று அப்படிச் சொன்ன ஆயாம்மாவோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்க்கவே வந்தாள். பூமிராஜ் எழுந்து அவளிடம் மெதுவாகச் சொன்னார், "கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா. காலையில சரி பண்ணிக்கலாம், இப்ப மாத்திச் சொன்னா நல்லாருக்காது." சொன்ன பொய்க்கு அவரே காவல் இருக்க வேண்டியதாகிவிட்டது. கைதி என்று சேர்த்தாயிற்று, கைதியை விட்டுவிட்டுக் காவலர் எப்படிப் போவது. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். போன் மேல் போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, என் பஸ்ஸில் ஸ்டாஃப்கள் தூங்குவதுபோலத் தூங்கிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தேன். "இல்லக்கா, வர முடியாது. ஐயோ அழாதக்கா. கம்மல் என் பைலதான் இருக்கு. இருக்கிற கம்மல வச்சுக் குத்துங்க... யாரு மடியா? பெரியவன் மடியில வைங்க. தாய்மாமன்னா நான் ஒருத்தன்தானா, அவனும்தான். பிள்ளைய ரொம்ப நேரம் பட்டினி போடாதீங்க." அப்புறம் போனை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி வைத்துக்கொண்டார். என் விலாவில் குத்திக்கொண்டே வந்தது அந்தப் பிள்ளையின் கம்மல். அக்கா மகள் காதுகுத்துக்கு, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளைக்கு, கொண்டுபோன கம்மல். நான் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் அழுதிருப்பேன், அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் நான் விழித்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார், நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மஞ்சள் பையில் இருப்பது அந்தப் பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை. சௌந்தரம் எடுத்தது. போகும்போது மறந்ததுபோல விட்டுவிட்டு வாங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், போலீஸ் ஆபீசுக்குள்ளேயே போலீசுக்குக் கொடுத்தால் அது வேறு பெயராகிவிடுமாம்.

மாப்பிள்ளையின் பெரியப்பா புகார் எழுதிப்போட்டார். கார்டைக் காட்டி மிரட்டினார், சீரை நசுக்கினார், அபசகுனம். அதை விசாரிக்கப் போன இடத்தில் ஆஸ்பத்திரிக் கதை வெளியே வந்தது. எந்த ஸ்டேஷன், என்ன கேஸ், எங்கே கைதி என்று நூல் பிடித்துக்கொண்டே போனால் கேஸும் இல்லை, கைதியும் இல்லை, லீவில் போன ஒரு கான்ஸ்டபிள்தான் இருக்கிறார். டிக்கெட் எடுக்காதது சின்ன விஷயம், ஒரு மெமோவோடு போகும். காரை மறித்ததுகூட உயிர் போகிற அவசரம் என்று சொல்லிப் பார்க்கலாம். கைதி என்று பொய் சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரியை ஏமாற்றியதுதான் பெரிது, அதற்கு வேலையே போகும் என்று தவசியின் மச்சான் சொன்னான், அவன் போலீஸ் கேன்டீனில் வேலை பார்ப்பவன், அவனுக்கு எல்லாம் தெரியும். எங்க வீரபுத்திரன் அண்ணன் போய், இவர் என் தெய்வம் சார் என்று சொன்னால் போதாதா என்று தவசி கேட்டதற்கு மச்சான் சிரித்தானாம். தெய்வமா என்று கேட்கமாட்டார்கள், நீ கைதியா என்றுதான் கேட்பார்கள். ஆமா, இல்லை, ரெண்டில் ஒன்று. நான் என்னத்தைச் சொல்ல. இல்லை என்பதுதான் உண்மை. உண்மையை விட்டால் என்னிடம் வேறு என்ன சொத்து இருக்கிறது. வெயில் திரும்பி என் தொடையில் விழுகிறது. பூமிராஜ் என்னைப் பார்க்காமலே பார்க்கிறார். தலையை லேசாக ஆட்டி, இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் என்று சைகை காட்டுகிறார். தள்ளி உட்கார்ந்தேன், பைக்கும் எனக்கும் இடைவெளி குறைந்தது. தன் வேலை போகப் போகிற நேரத்தில் என் தொடையில் வெயில் விழுவதைப் பார்க்கிறாரே இந்த ஆள். அடிக்கடி அவர் கை சட்டைப் பட்டனுக்குப் போய், எல்லாம் போட்டிருக்கிறதா என்று மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்கிறது. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் எல்லாப் போலீசும் அப்படித்தான் தடவுவார்கள்போல.

பட்டன் என்றதும் எனக்கு வேறு ஒரு ஞாபகம். முன்பு ஒருமுறை குடித்துவிட்டு ஏறின ஒருவன், டிக்கெட் கேட்டதற்கு என் சட்டையைப் பிடித்துவிட்டான். பஸ்ஸிலேயே ஒட்டியிருக்குமே, பணியில் இருக்கும் ஊழியரைத் தாக்குவது குற்றம் என்று, அதைக் காட்டியும் விடவில்லை. நேராக வண்டியோடு ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே எழுத உட்கார்ந்திருந்த ஏட்டு பேனாவைத் திறந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டையப் பிடிச்சான், சரி. பட்டன் அறுந்துச்சா?" இல்லீங்க, கசங்கினதுதான் என்றேன். அவருக்கு முகமே விழுந்துவிட்டது. "என்னங்க நீங்க, பட்டன் அறுந்தாத்தான கேஸ் நிக்கும். வெறும் கசங்கலுக்கு எந்தக் கோர்ட்டுல என்ன தருவான்? நல்லா யோசிச்சுப் பாருங்க, ஒரு பட்டனாவது போயிருக்கும்." நான் வரி அல்லவா. போகாத பட்டனைப் போச்சு என்று சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குடிகாரன் அன்று சாயங்காலமே என் வண்டியிலேயே திரும்பி வந்தான், டிக்கெட் எடுத்துக்கொண்டு. இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறதா, இருக்கிறது. நெஞ்சு பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது, இவர் வாங்கிக் கொடுத்த நெஞ்சு. ஒவ்வொரு நாளும் காலையில் சௌந்தரம் காபி ஆற்றும் சத்தம் கேட்டு விழிக்கும்போது, சரி, இன்றைக்கும் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தக் காபியின் வாசனைக்கு நான் எங்கே டிக்கெட் எடுத்தேன். யாரோ ஒருவர் எனக்காக எடுத்த டிக்கெட்டில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறேன்.

"வீரபுத்திரன். பூமிராஜ். ரெண்டு பேரும் வாங்க."

உள்ளே மின்விசிறி தலைக்கு மேல் கடகடத்துக்கொண்டிருந்தது. டி.எஸ்.பி. அம்மாவுக்கு என் மகள் வயது இருந்தால் அதிகம், கண்ணாடி போட்டிருந்தார், முகத்தில் தூக்கம் இல்லை. ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு ஏட்டு. பூமிராஜ் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். "நீங்க உக்காருங்க, ஹார்ட் பேஷண்ட்னு சொன்னாங்க" என்றார் அம்மா. உட்கார்ந்தேன். முதல் கேள்வி டிக்கெட். அன்றைக்கு இவர் டிக்கெட் எடுத்தாரா. எடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். மெஷினில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் டிக்கெட் விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேறு எதில் வேண்டுமானாலும் வந்திருக்கும், அதில் வரவில்லை. "எடுக்கலம்மா. கார்டக் காமிச்சாரு. வாரண்ட் இல்ல. சண்ட போட்டேன்" என்றேன். ஏட்டு தட்டினார். சுவரோரத்தில் ஒரு மூச்சு இறங்கிய சத்தம். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கேள்விக்கு வந்தார். "ஆஸ்பத்திரியில ஒங்கள அக்யூஸ்டுன்னு சொல்லிச் சேத்திருக்காரு. நீங்க எந்தக் கேஸ்லயாவது இவரோட கஸ்டடியில இருந்தீங்களா?"

அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகின வார்த்தை, தானாக வந்து நின்றது. என் விலாவில் அந்தப் பெட்டி குத்தின இடம் லேசாக வலித்தது, இத்தனை நாளாகிவிட்டது, அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் வலித்தது.

"இருந்தேன்மா" என்றேன்.

ஏட்டின் கை நின்றது. அம்மா நிமிர்ந்தார். "என்ன கேஸு?"

"சண்டையில நான் இவரு சட்டையப் பிடிச்சுட்டேன்மா. லீவுல இருந்தாலும் போலீசு போலீசுதான, கை வச்சது தப்பு. 'வாய்யா ஸ்டேஷனுக்கு'ன்னு என்னப் பிடிச்சாரு. அப்பத்தான் நெஞ்சு வலி வந்துச்சு. பிடிச்ச ஆளு செத்துறக் கூடாதேன்னு தூக்கிட்டு ஓடுனாரு." எவ்வளவு கோவையாக வருகிறது. இத்தனை வருஷம் சொல்லாமல் சேர்த்து வைத்த பொய்யெல்லாம் ஒரே நாளில் செலவாகிறதுபோல.

"அப்ப ஏன் கேஸ் போடல? இவரோட பதில்லயும் இது இல்லையே?"

"பொழச்சு வந்தவன் மேல எதுக்குக் கேஸுன்னு விட்டிருப்பாரும்மா. என் வேலை போயிருமேன்னு மறச்சிருப்பாரு. நானும் பயந்துக்கிட்டுச் சொல்லல."

"பெரியவரே." அம்மா முன்னால் சாய்ந்தார், குரல் தாழ்ந்தது. "நீங்க இப்பச் சொல்றது ஒங்க டிப்போவுக்குப் போகும். ஒங்க மேல நடவடிக்க வரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பார்வையைச் சுவரோரம் திருப்பினார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்த மனுஷன் நல்லவன், அதுதான் எனக்குப் பயம். எனக்கு வேலை போகக் கூடாது என்று, இல்லைம்மா, அவர் பொய் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. பால் வண்டிக்கும் கல்யாணக் காருக்கும் அன்றைக்கு அவர் நின்ற மாதிரி நான் குறுக்கே நின்று கையை நீட்டிவிட்டேன், இனி நிறுத்துவதும் ஏற்றுவதும் அவர் கையில்.

"பூமிராஜ். இவர் ஒன் சட்டையப் பிடிச்சாரா?"

மின்விசிறி கடகடத்தது. வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தினார்கள். என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த மாத்திரையைத் தொட்டுக்கொண்டது.

"ரெண்டாவது பட்டன் அறுந்துருச்சுங்கம்மா" என்றார் பூமிராஜ்.

டி.எஸ்.பி. அம்மா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். உதட்டோரத்தில் ஏதோ வந்து, வந்த வேகத்தில் போனது. பிறகு ஏட்டைப் பார்த்து, "போட்டுக்கய்யா" என்றார். "பட்டன் அறுந்தது."